மென்பொருள் மாநாடு: பேசப் போவதும் கேட்கப் போவதும்

மென்பொருள் மாநாட்டு உரைகள் பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டு, சில வாரங்களுக்குள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. அப்படியிருக்க, விடுப்பு எடுத்துப் பயணம் செய்து நாள் முழுவதும் அரங்குகளில் உட்கார்ந்திருப்பது எதற்காக என்று இளைய சக பணியாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். முதலில் பார்வையாளராகவும் பிறகு பேச்சாளராகவும் பல ஆண்டுகளாக இத்தகைய மாநாடுகளுக்குச் சென்றுவருகிறேன். உரையைப் பதிவில் பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த உரையைக் கேட்ட ஒருவர் எழுந்து வந்து, "எங்கள் அமைப்பில் இது வேறு விதமாக உடைந்தது" என்று பேச்சாளரிடம் சொல்வதும், அதைத் தொடர்ந்து வாசலருகே நான்கைந்து பேர் கூடி நின்று பேசுவதும் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை. பேசுபவராயினும் கேட்பவராயினும் அந்த உரையாடலை மனத்தில் வைத்தே மாநாட்டுக்குத் தயாராக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் கடைப்பிடித்துப் பயன் கண்ட வழிமுறைகள் அனைத்தும் இந்த நோக்கிலிருந்தே வந்தவை.

மேடையில் நிகழ்ந்த ஒன்று துறையின் போக்கையே மாற்றிய தருணங்கள் உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் 90 நிமிடம் நிகழ்த்திய செயல்விளக்கத்தில் மவுஸ், மீயிணைப்பு (சொடுக்கினால் வேறு இடத்துக்கு அழைத்துச் செல்லும் இணைப்பு), தொலைவில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து பணியாற்றுவது ஆகியவற்றை அரங்கத்தில் இருந்தோர் நேரில் கண்டார்கள். ரையன் டால் 2009-இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஐரோப்பிய மாநாட்டில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கத் தாம் உருவாக்கிய நோட்.ஜேஎஸ்ஸை முன்வைத்தார். 2013 மார்ச் மாதம் சான்டா கிளாராவில் நடந்த, பைத்தான் நிரல்மொழிக்கான பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ், மின்னல் உரை எனப்படும் ஐந்து நிமிடக் குறு உரை ஒன்றில், ஒரு செயலியை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்து இயக்கும் கருவியான டாக்கரை வெளியுலகுக்குக் காட்டினார். 2018-இல் ரையன் டால் அதே பெர்லின் மாநாட்டு மேடைக்கு மீண்டும் வந்து, நோட்.ஜேஎஸ் வடிவமைப்பில் தாம் வருந்தும் விஷயங்களை எடுத்துரைத்தார். புதிதாகப் பேச விரும்புவோரிடம் இவற்றுள் கடைசியைத்தான் நான் முன்னுதாரணமாகக் காட்டுவேன். புதிய கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர்தான் மேடையேறத் தகுதியுடையவர் என்ற தயக்கம் திறமையுள்ள பலரை ஒதுங்கியிருக்கச் செய்கிறது. ஒரு முடிவை ஏன் எடுத்தோம், அது நடைமுறையில் எப்படி நடந்துகொண்டது, இன்று மீண்டும் தொடங்கினால் எதை மாற்றுவோம் என்பதை நேர்மையாகச் சொல்லக்கூடிய எவரிடமும் ஓர் உரைக்கான பொருள் இருக்கிறது. கருவிகளின் ஆவணங்களில் இந்த அறிவு கிடைக்காது என்பதால் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

நான் அதிகம் வழங்கியிருக்கும் உரை தரவுத்தளம் பற்றியது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், கோடிக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணையில், சேவையை நிறுத்தாமல் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்பதே அதன் பொருள். 'போஸ்ட்கிரெஸில் அட்டவணை மாற்றங்கள்' என்று விரிவான தலைப்பு வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் விளக்காமல் இறங்க நேர்ந்திருக்கும். பொருளைக் குறுக்கியதால், 2018-இல் வந்த 11-ஆம் பதிப்புக்கு முன்பு இயல்பு மதிப்புடன் (மதிப்பு தரப்படாதபோது தானாக இடப்படுவது) நெடுவரிசை சேர்த்தால் முழு அட்டவணையும் மீண்டும் எழுதப்பட்டது, அதற்குப் பின் மாறாத மதிப்பாக இருந்தால் அந்த மறுஎழுத்து தேவைப்படுவதில்லை என்பதைப் படிப்படியாகக் காட்ட நேரம் கிடைத்தது. தலைப்பைத் தீர்மானிக்கும்போது நான் எப்போதும் ஒரே ஒரு கேட்பவரை மனத்தில் நிறுத்திக்கொள்வேன். இந்த உரைக்கு அவர், அடுத்த வாரம் இத்தகைய மாற்றம் ஒன்றைச் செய்ய வேண்டிய பொறுப்பில் இருப்பவர், தரவுத்தளத்தை வினவும் மொழியான எஸ்.கியூ.எல். தெரிந்தவர், ஒரே அட்டவணையைப் பலர் கையாளும்போது மோதலைத் தடுக்கும் பூட்டுகள் எப்படி இயங்குகின்றன என்று ஆழமாகப் பார்த்திராதவர். அவருக்குத் தெரிந்ததை நான் சொல்வதில்லை, அவருக்குத் தேவைப்படாததையும் சொல்வதில்லை. எந்த ஸ்லைடை வைப்பது, எதை எடுப்பது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் அவரையே நினைத்து முடிவெடுக்கிறேன்.

அடுத்தது, உரை வழங்க வாய்ப்புக் கேட்டு மாநாட்டுக்கு அனுப்பும் முன்மொழிவை எழுதுவது. பேசக் கற்பதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது இதற்குச் செலவிட வேண்டும் என்பேன், ஏனெனில் உரை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதைத் தேர்வுக் குழு கேட்கப்போவதில்லை; அவர்கள் முன் இருப்பது சில பத்திகள் மட்டுமே. தேர்வாளர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். தங்கள் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஏராளமான முன்மொழிவுகளைப் படிக்கிறவர்கள். ஆகவே என் முதல் இரண்டு வாக்கியங்களில் கேட்பவரின் சிக்கல் இருக்கும். அதற்கடுத்து, உரை முடிந்து வெளியேறும்போது அவரால் என்ன செய்ய முடியும் என்பது இருக்கும். 'புரிந்துகொள்வீர்கள்', 'ஆராய்வோம்' போன்ற சொற்களைத் தவிர்த்து, 'எந்த மாற்றம் அட்டவணையைப் பூட்டும், எது பூட்டாது என்று கட்டளையைப் பார்த்தே சொல்ல முடியும்' என்பதுபோல் எழுதுவேன். தேர்வாளர்களுக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பகுதியில், எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்ற திட்டத்தையும் சேர்த்துவிடுவேன்; பேச்சாளர் நேரத்தைப் பற்றி ஏற்கெனவே சிந்தித்திருக்கிறார் என்ற நம்பிக்கையை அது தருகிறது. சில மாநாடுகளில் முதல் சுற்றில் பேச்சாளரின் பெயரை மறைத்தே மதிப்பிடுகிறார்கள். அங்கே பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் சுருக்கத்தில் எழுதுவது பயன் தராததோடு, விதிமீறலாகவும் ஆகக்கூடும்.

நிராகரிப்பு இத்துறையில் இயல்பானது. ஒரே பொருளில் பல முன்மொழிவுகள் வந்திருக்கலாம். அந்த ஆண்டு அறிமுக நிலை உரைகள் அதிகமாகியிருக்கலாம். ஏற்கப்படாத முன்மொழிவைத் தூக்கி எறிய வேண்டாம் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். கருத்துக் கேட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில குழுக்கள் பதில் அளிக்கும், சில அளிக்காது. திருத்தி வேறொரு மாநாட்டுக்கு அனுப்புங்கள். நான் மேலே குறிப்பிட்ட உரையே ஓரிடத்தில் ஏற்கப்படாமல் பிறகு வேறிடத்தில் ஏற்கப்பட்டதுதான். முழு உரைக்கு வாய்ப்புக் கிடைக்காதவர்கள் மின்னல் உரைக்குப் பெயர் கொடுக்கலாம். ஐந்து நிமிடம் ஒரே ஒரு கருத்துக்குப் போதும், அதற்கு மேல் வைக்க இடமில்லை என்பதே அந்த வடிவத்தின் சிறப்பு. பயனர் குழுக்களின் சிறிய கூடுகைகளும் முதல் மேடைக்கு மிகவும் ஏற்றவை.

முன்மொழிவை அனுப்பும் முன்பே பணியிடத்தில் அனுமதியை எழுத்து வடிவில் வாங்கிவிட வேண்டும். உள் அமைப்பின் வரைபடம், வாடிக்கையாளரைச் சுட்டும் எண்ணிக்கைகள், செயலிழப்புப் பற்றிய விவரங்கள் ஆகியவை மேலாளரின் வாய்மொழிச் சம்மதத்தோடு முடிந்துவிடும் விஷயங்கள் அல்ல. உரை ஏற்கப்பட்டு நிகழ்ச்சி நிரலில் பெயர் வந்த பிறகு சட்டப் பிரிவு தடுத்தால், அமைப்பாளர்களுக்கும் பேச்சாளருக்கும் ஒருசேரச் சங்கடம்.

தயாரிப்பில் எனக்குப் பேருதவியாக இருப்பது நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்துச் செய்யும் ஒத்திகை. மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நாக்கு தடுமாறும் வாக்கியம் எது என்பது உரக்கச் சொன்னால்தான் தெரியும். முப்பது நிமிட அமர்வில் கேள்வி நேரமும் அடங்கும் என்றால் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் பொருள் வைப்பதில்லை. முந்தைய அமர்வு தாமதமாக முடியலாம், ப்ரொஜெக்டர் இணைய நேரமாகலாம். அதனால் எந்தப் பகுதியைக் கேட்பவருக்குத் தெரியாமலே விட்டுவிடலாம் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வேன். தொடக்கத்தின் ஒரு நிமிடமும் முடிவின் ஒரு நிமிடமும் எனக்கு மனப்பாடமாக இருக்கும். நடுப்பகுதியை அப்படி மனப்பாடம் செய்வதில்லை, ஏனெனில் ஒரு சொல் மறந்தாலும் முழுக் கோவையும் அறுந்துவிடும்.

ஸ்லைடுகளில் நிரலைக் காட்டுவது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்றத் துறைப் பேச்சாளர்களுக்கு இல்லாத சிக்கல் இது. திரையில் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் நிரல் இருந்தால் பின்வரிசையில் இருப்பவரால் படிக்க முடியாது; படிக்க முயல்பவர் நீங்கள் பேசுவதைக் கேட்க மாட்டார். தேவையான வரிகளை மட்டும் எடுத்து, பேசும் வரியை மட்டும் தெளிவாகவும் மற்றவற்றை மங்கலாகவும் காட்டுவது நல்ல பலன் தருகிறது. இருண்ட பின்னணி நம் மேசையில் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். விளக்குகள் முழுவதும் எரியும் அரங்கில் அது வெளுத்துப்போகும். வெளிர் பின்னணியில் கரிய எழுத்து எந்த அரங்கிலும் ஏமாற்றுவதில்லை. சரி என்பதைப் பச்சையாலும் தவறு என்பதைச் சிவப்பாலும் மட்டும் உணர்த்துவதைத் தவிர்க்க வேண்டும். வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறை இருக்கிறது. பிற மக்களிடையே அந்த அளவு குறைவு என்றாலும், நிறைந்த அரங்கில் அத்தகையோர் சிலர் இருப்பார்கள். நிறத்தோடு ஒரு குறியையோ சொல்லையோ சேர்த்துவிட்டால் போதும்.

நேரடி செயல்விளக்கம் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. சரியாக நடந்தால் அதற்கு இணையான நம்பகத்தன்மை வேறெதற்கும் கிடையாது என்பதால் நான் அதற்கு ஆதரவானவன். ஆனால் அரங்கின் வைஃபை வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே தயாராக வேண்டும். நிரல் நூலகங்கள், தரவுத்தளம், மாதிரித் தரவு அனைத்தும் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு படிநிலையையும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ஒரு குறியீட்டோடு சேமித்து வைத்தால், தட்டச்சில் சிக்கினாலும் அடுத்த படிநிலைக்கு ஒரே கட்டளையில் தாவிவிடலாம். முழுச் செயல்விளக்கத்தையும் முன்பே காணொளியாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு முறை நிகழ்ச்சியின் நடுவே தரவுத்தளம் தொடங்க மறுத்தபோது, அந்தக் காணொளியை ஓடவிட்டு அதன் மேல் பேசி முடித்தேன். அவையினர் யாரும் அதைக் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: டெர்மினலின் கட்டளை வரலாற்றிலும் சூழல் மாறிகளிலும் கடவுச்சொற்களும் அணுகு திறவிகளும் ஒளிந்திருக்கும். மாநாட்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை லேப்டாப்பில் உருவாக்கி அதிலேயே செயல்விளக்கம் நடத்துவதுதான் பாதுகாப்பு. அறிவிப்புகள் திரையில் தோன்றுவதையும் அது தவிர்த்துவிடும்.

மேடைக்குரிய மற்றவை சிறிய விஷயங்கள்தாம். சொந்த அடாப்டரைக் கொண்டுசெல்லுங்கள். முந்தைய இடைவேளையிலேயே திரையில் இணைத்துப் பாருங்கள். குரல் எவ்வளவு உரத்ததாக இருந்தாலும் ஒலிவாங்கியைப் பயன்படுத்துங்கள். செவித்திறன் குறைந்தோரும், நேரடியாக எழுத்தாக்கம் செய்வோரும், பதிவைக் கேட்போரும் அதை நம்பியே இருக்கிறார்கள்.

கேள்வி நேரத்தை உரையின் வால்போலக் கருதாமல், அதன் முக்கியப் பகுதியாகக் கருதித் தயாராக வேண்டும். கேள்வியை ஒரு முறை திருப்பிச் சொன்ன பிறகே நான் விடையளிக்கிறேன். அவையில் இருப்பவரின் குரல் பல வேளைகளில் பதிவில் விழாது என்பது ஒரு காரணம், கேட்டவரிடம் "இதைத்தானே கேட்டீர்கள்?" என்று உறுதிசெய்துகொள்வது இன்னொரு காரணம். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "இங்கே யாருக்காவது அந்த அனுபவம் உண்டா?" என்று அவையைக் கேட்பது மிகுந்த பலன் தரும் பழக்கம். கேள்வி கேட்காமல் நீண்ட கருத்துரை வழங்கத் தொடங்குபவரிடம், "இதை விரிவாகப் பேச வேண்டும், அமர்வு முடிந்ததும் வாசலருகே நிற்கிறேன்" என்று அன்போடு சொல்லி அடுத்தவருக்கு இடமளிக்க வேண்டும். பெரிய அவையில் எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் அந்த வாசலருகேதான் வருவார்கள்.

என் தரவுத்தள உரையை முதன்முறை வழங்கியபோது அப்படி வந்த ஒருவர் சொன்னதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். நெடுவரிசையைச் சேர்க்கும் கட்டளை ஒரு நொடிக்கும் குறைவான நேரமே ஓடும் என்பதை உரையில் காட்டியிருந்தேன். அவர் கவனத்தைத் திருப்பியது அதற்கு முந்தைய கணத்துக்கு. அந்தக் கட்டளைக்கு அட்டவணையின் முழுமையான பூட்டு வேண்டும். அந்த நேரத்தில் நீண்ட வினவல் ஒன்று அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால் கட்டளை காத்திருக்கும். அது காத்திருக்கும் வரை அதற்குப் பின்னால் வரும் சாதாரண வினவல்களும் வரிசையில் நின்றுவிடும். ஒரு நொடி வேலை சேவையையே நிறுத்திவிடுவது இவ்வாறுதான். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு லாக்_டைம்அவுட் அமைப்பின் மூலம் சில நொடிகள் என்று வரம்பு வைத்து, கிடைக்காவிட்டால் விலகி, சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும் வகையில் தம் குழு ஒரு சிறு நிரலை எழுதியிருப்பதாக அவர் சொன்னார். சுற்றி நின்றவர்களில் இன்னொருவர், நீண்ட வினவல்களை எப்படி முன்கூட்டியே கண்டறிகிறார்கள் என்று கேட்டார். பேச்சு அடுத்த அமர்வின் நேரத்தையும் தாண்டி நீண்டது. பிறகு அந்த உரையை வேறிடத்தில் வழங்கியபோது, பூட்டு வரிசைக்கென்று தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தேன். அதற்கு இடம் ஏற்படுத்தப் பழைய பதிப்புகளின் வரலாற்றைச் சுருக்கினேன். இன்று அந்த உரையைக் கேட்கிறவர்கள் பெரிதும் பாராட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

பார்வையாளராகச் செல்லும்போதும் இதே கணக்கைத்தான் வைக்கிறேன். நிகழ்ச்சி நிரல் வெளியானதும், பதிவு செய்யப்படும் அமர்வுகள் எவை, செய்யப்படாதவை எவை என்று பிரித்துக்கொள்வேன். பயிற்சிப் பட்டறைகள், ஒரே ஆர்வம் கொண்டோர் கூடிப் பேசும் அமர்வுகள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுப்பேன், ஏனெனில் அவற்றைப் பிறகு எங்கும் பெற முடியாது. பதிவாகும் உரைகளில், பேச்சாளரிடம் கேட்பதற்குக் கேள்வி இருக்கும் உரைக்கு மட்டும் நேரில் செல்வேன். ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்தையாவது வேண்டுமென்றே காலியாக விடுவேன். காலை முதல் மாலை வரை இடைவெளியின்றி உரை கேட்பவருக்குக் கடைசி உரைகள் மனத்தில் நிற்பதில்லை. நல்ல உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அமர்வுக்காக எழுந்து ஓடவும் நேர்கிறது.

மாநாட்டின் இயல்பை அறிந்து செல்வதும் அவசியம். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் மாநாடு, நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூல மென்பொருளுக்கானது. நுழைவுக் கட்டணமோ முன்பதிவோ இல்லை. ஒரே வார இறுதியில் நூற்றுக்கணக்கான உரைகள் பல கட்டடங்களில் இணையாக நடக்கும். அங்கே அறைகள் நிரம்பியதும் கதவை மூடிவிடுவார்கள். எனவே விரும்பும் உரைக்கு முந்தைய உரையிலிருந்தே அந்த அறையில் அமர்ந்திருப்பதுதான் வழி. அமெரிக்க பைகான் மாநாட்டில் முதன்மை நாட்கள் முடிந்த பிறகு, திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்பாளர்களுடன் உட்கார்ந்து நிரல் எழுதும் கூட்டுப்பணி நாட்கள் உண்டு. திறந்த மூலத்தில் முதல் பங்களிப்பைச் செய்யத் தயங்குபவருக்கு, பராமரிப்பாளர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அந்த நாட்களைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை. அதே மாநாட்டில் பயண உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. பல மாநாடுகளில் இத்தகைய உதவி உண்டு. அதற்கான விண்ணப்பக் காலம் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதால் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

தனியாகச் செல்பவருக்கு இடைவேளைகள்தாம் கடினமானவை. மென்பொருளாளர் எரிக் ஹோல்ஷர் எழுதிப் பரவலாக்கிய பேக்மேன் விதி இதற்கு உதவுகிறது: வட்டமாக நின்று பேசும் குழுவினர், பேக்மேன் என்ற வீடியோ விளையாட்டின் வட்டப் பாத்திரத்தின் திறந்த வாயைப் போல, இன்னொருவர் வந்து சேர இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மாநாடுகளுக்குப் பழகியவர்கள் இதைத் தங்கள் கடமையாகவே கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதியவர்கள் "எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று தொடங்குவதைவிட "இன்று கேட்டவற்றில் எதைத் திரும்பிப் போனதும் முயன்று பார்க்கப் போகிறீர்கள்?" என்று தொடங்கினால் பேச்சு எளிதாக நகரும். நடத்தை நெறிகளை வெளியிட்டு, புகார் அளிக்க வேண்டியவர்கள் யார் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருக்கும் மாநாடுகளையே நான் தேர்ந்தெடுக்கிறேன். யாரேனும் அஞ்சி ஒதுங்கி நிற்கும் இடத்தில் நான் மேலே விவரித்த எந்த உரையாடலும் நிகழாது.

கேட்டவற்றை அன்று மாலையே எழுதி வைப்பது நல்லது. உரைக்கு மூன்று வரிகள் போதும்: என்ன புதிதாக அறிந்தேன், எங்கே பயன்படும், யாரிடம் மேலும் கேட்க வேண்டும். பணியிடத்துக்குத் திரும்பியதும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு குழுவினருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் அளிப்பேன். மாநாட்டுக்கு அனுப்பிய மேலாளரிடம் அடுத்த ஆண்டு இன்னொருவரையும் அனுப்பச் சொல்லிக் கேட்பதற்கு அதைவிட வலுவான காரணம் கிடைக்காது. சந்தித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டுச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். பேசியவனாக இருந்தால், ஸ்லைடுகளையும் நிரலையும் வெளியிட்ட பிறகு, அரங்கில் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் நினைவிலிருந்து எழுதி, ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதற்குரிய ஸ்லைடைத் திருத்திவிட்டு, அடுத்த முன்மொழிவுக்கான கோப்பைத் திறப்பேன்.